லோகோவுக்கும் வலைத்தளத்துக்கும் எவ்வளவு ஒதுக்கலாம்? பெங்களூரில் தொழில் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

"லோகோவும் வெப்சைட்டும் சேர்த்து எவ்வளவு ஆகும்?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பெங்களூரில் இதற்கு ஐயாயிரம் என்றும் பதில் கிடைக்கும், ஐந்து லட்சம் என்றும் கிடைக்கும். சொல்பவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கொரு வேலையை மனதில் வைத்து விலை சொல்கிறார்கள், அவ்வளவுதான். அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக் நகர்ப் பக்கம் மாவுக்கடை, தையல் யூனிட், டிராவல்ஸ், டியூஷன் என்று தொடங்கும் நம் ஆட்களுக்கு வலைத்தளம் செய்துகொடுப்பது என் தொழில். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: கொட்டேஷனின் அடியில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மூன்று வருடத்துக்கு மொத்தம் என்ன செலவாகும், அந்த மூன்று வருடமும் எல்லாம் யார் பெயரில் இருக்கும் என்ற இரண்டையும் பார்த்து முடிவெடுங்கள்.

கணக்குப் போட வசதியாக ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். அல்சூரில் வீட்டிலிருந்தே இட்லிப் பொடி, பருப்புப் பொடி, சாம்பார் பொடி விற்கும் ஓர் அக்கா. அக்கம்பக்கத்திலும் சில அபார்ட்மெண்டுகளிலும் வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். பெயர், லோகோ, வலைத்தளம் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் கையில் இருப்பது 50,000 ரூபாய்.

பணம் கொடுப்பதற்கு முன் முடிக்க வேண்டியவை

யாருக்கும் அட்வான்ஸ் தருவதற்கு முன்னால் செலவில்லாத வேலைகளை முடித்துவிடுங்கள். சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம், அரசாங்கத் தளத்தில் முழுக்க இலவசம். ஆதார், பான் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். தேடலில் அதே போன்ற பெயரில் தனியார் தளங்கள் வந்து கட்டணம் கேட்கும். முகவரியின் முடிவில் 'டாட் கவ் டாட் இன்' இருக்கிறதா என்று பார்த்துவிட்டே விவரங்களைக் கொடுங்கள்.

அடுத்தது கூகுள் மேப்பில் கடையைச் சேர்ப்பது. அதுவும் இலவசம். சரிபார்ப்புக்குக் கடையையோ வேலை செய்யும் இடத்தையோ வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லலாம். வீட்டிலிருந்து செய்பவர்கள் வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஏரியாவுக்கு டெலிவரி உண்டு என்பதை மட்டும் காட்டிக்கொள்ள வழி இருக்கிறது. பிறகு வாட்ஸ்அப் பிசினஸ். அதில் பொருள்களின் படமும் விலையும் போட்டு ஒரு கேட்டலாக் வைக்கலாம்.

இந்த மூன்றும் இருந்தாலே சில தொழில்களுக்கு முதல் வருடம் வலைத்தளம் தேவைப்படாது. வலைத்தளம் செய்து பிழைக்கும் நானே இதைச் சொல்கிறேன். தெருவில் இருக்கும் டீக்கடைக்கும் பிளம்பருக்கும் வலைத்தளத்தை விட மேப்பில் வரும் நல்ல விமர்சனங்கள்தான் ஆட்களைக் கொண்டுவரும். வெளியூருக்கு அனுப்பி விற்பவர்கள், கம்பெனிகளிடம் ஆர்டர் கேட்டுப் போகிறவர்கள், வாடிக்கையாளர் விசாரித்துப் பார்த்துப் பணம் கட்டும் தொழில் செய்பவர்கள் ஆகியோருக்கு வலைத்தளம் வேண்டும். நம் பொடி அக்கா வெளியூருக்கும் அனுப்ப நினைக்கிறார். ஆகவே அவருக்கு வேண்டும்.

பெயரைச் சோதியுங்கள்

லோகோ வரைய ஆரம்பித்த பிறகு பெயரை மாற்றினால் கொடுத்த பணம் வீண். அதனால் பெயரை முதலில் உறுதி செய்யுங்கள். டிரேட்மார்க் (வணிகக் குறி) பதிவேட்டில் அதே பெயரோ, காதில் கேட்க அதே மாதிரி இருக்கும் பெயரோ இருக்கிறதா என்று அரசுத் தளத்தில் இலவசமாகத் தேடலாம். சரக்குகளும் சேவைகளுமாக மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன. மசாலா, மாவு வகைகள் 30-ஆம் வகுப்பு. உணவகம் என்றால் 43. ஆடைகள் 25.

விண்ணப்பக் கட்டணம், இணையம் வழியாகச் செய்தால், தனிநபருக்கும் சிறுநிறுவனத்துக்கும் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். மற்ற நிறுவனங்களுக்கு 9,000. சிறுநிறுவனம் என்று காட்ட உத்யம் சான்றிதழ் கைகொடுக்கும். கர்நாடகத்து விண்ணப்பங்கள் சென்னைப் பதிவகத்தின் கீழ் வருகின்றன. விண்ணப்பித்த பிறகு டிஎம் குறி போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் இருக்கும் ஆர் குறி, பதிவாகிச் சான்றிதழ் வந்த பிறகுதான். பதிவானால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம்.

பணம் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் இருக்கிறது என்றால் பெயரை வெறும் எழுத்தாகப் பதிவு செய்யுங்கள். லோகோவின் வடிவம் நாளைக்கு மாறலாம், பெயர் மாறாது.

'சுவை', 'ருசி', 'அம்மா சமையல்' மாதிரி எல்லோரும் வைக்கும் பெயர்களுக்குப் பதிவு கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் காப்பாற்றுவது கஷ்டம். கொஞ்சம் யோசித்துத் தனியான ஒரு பெயராக வையுங்கள். அதற்கு ஒரு ரூபாய் செலவில்லை.

லோகோ: எதற்குப் பணம் தருகிறோம்

இந்த ஊரில் லோகோ விலையை மூன்று தட்டாகப் பார்க்கலாம். கல்லூரி முடித்துத் தொழிலுக்குப் புதிதாக வந்தவர்கள் 3,000 முதல் 8,000 வரை கேட்பார்கள். சில வருடம் வேலை பார்த்த தனி டிசைனர்கள் 10,000-இல் ஆரம்பித்து 40,000 வரை போவார்கள். இந்திராநகர், கோரமங்களாப் பக்கம் இருக்கும் ஏஜென்சிகள் பெரும்பாலும் லட்சத்தில் பேசுவார்கள், ஏனென்றால் அவர்கள் சந்தையை ஆராய்ந்து, பேக்கிங் முதல் விளம்பரம் வரை சேர்த்துச் செய்கிறார்கள். சிறுதொழிலுக்கு நடுத்தட்டின் கீழ்ப்பகுதி போதும் என்பது என் கருத்து.

செயலியில் இருக்கும் ரெடிமேட் வடிவத்தை எடுத்து நாமே செய்துகொள்ளலாமே என்று கேட்பீர்கள். அவசரத்துக்குச் செய்யலாம். ஆனால் கேன்வா மாதிரித் தளங்களில் இருக்கும் படங்கள் எல்லோருக்கும் பொது. அதே இலையையும் அதே கிண்ணத்தையும் இன்னொரு கடையும் வைக்கலாம், நீங்கள் தடுக்க முடியாது. அந்தப் படங்களை வைத்துச் செய்த லோகோவை டிரேட்மார்க்காகவும் பதிய முடியாது. உங்கள் பெயரை ஒரு நல்ல எழுத்துருவில் மட்டும் அமைத்துக்கொண்டால் அந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது. கையில் ஆயிரம் ரூபாய்கூட இல்லாதவர்களுக்கு நான் சொல்லும் வழி அதுதான்.

பெங்களூரில் தொழில் செய்பவர்கள் இன்னொன்றையும் லோகோ கட்டத்திலேயே யோசிக்க வேண்டும். 2024-இல் திருத்தப்பட்ட கர்நாடகச் சட்டப்படி கடைகள், நிறுவனங்களின் பெயர்ப்பலகையில் 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும், அதுவும் பலகையின் மேல்பகுதியில். ஆங்கிலத்தில் மட்டும் லோகோ செய்துவிட்டு, பலகை எழுதும் இடத்தில் "கன்னடத்தில் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்" என்று சொல்பவர்கள் அதிகம். பலகையில் பெரிதாகத் தெரியப்போவது கன்னடம்தான். கடையின் முகமாக இருக்கப்போகிற எழுத்தைப் பலகைக்காரர் கையில் இருக்கும் ஏதோ ஓர் எழுத்துருவுக்கு விடக்கூடாது. ஆகவே கன்னடம், ஆங்கிலம், வேண்டுமானால் தமிழ் என்று எல்லா வடிவங்களையும் ஒரே விலைக்குள் கேளுங்கள். முதலிலேயே கேட்டால் டிசைனர்கள் சாதாரணமாக ஒத்துக்கொள்வார்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது தனி வேலை, தனி பில்.

கன்னடத்தில் ஒத்தெழுத்துகள், அதாவது ஒரு மெய்யோடு சேர்ந்து வரும் அடுத்த மெய், வரிக்குக் கீழே தொங்கும். ஆங்கிலப் பெயருக்கு இறுக்கமாக ஒரு கட்டம் போட்டு, அதே கட்டத்துக்குள் கன்னடத்தைத் திணித்தால் அந்த எழுத்து கோட்டில் இடிக்கும். அதனால் கன்னட வடிவத்தை முதலில் வரையச் சொல்லி, அதற்கு ஏற்ப மற்றதை அமைப்பது நல்லது. எழுத்துருவுக்குத் தனியாகப் பணம் கொடுக்கவும் வேண்டாம். மும்பையின் ஏக் டைப் குழு உருவாக்கிய 'அனேக்', 'பாலூ' ஆகிய எழுத்துருக் குடும்பங்களில் கன்னடம், தமிழ், ஆங்கிலம் மூன்றும் ஒரே சாயலில் இருக்கின்றன. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும், தொழிலுக்கும் பயன்படுத்தலாம். கடைசியில், கன்னடம் நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள். ஒரு கொம்பு மாறினாலும் தெரு முழுக்கப் படித்துவிட்டுப் போகும்.

வேலை முடிந்ததும் என்னென்ன ஃபைல் வர வேண்டும் என்பதையும் முதலிலேயே பேசுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் ஒரு ஜேபெக் படம் லோகோ ஆகாது. எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் ஃபைல் வேண்டும்: எஸ்விஜி, பிடிஎஃப், அத்துடன் டிசைனர் வேலை செய்த மூல ஃபைல். பின்புலம் இல்லாத பிஎன்ஜி வேண்டும். ஒரே நிறத்தில், கறுப்பு வெள்ளையாக ஒரு வடிவம் வேண்டும், பில் புக்கும் ரப்பர் ஸ்டாம்பும் அதில்தான் வரும். அச்சுக்கான சிஎம்ஒய்கே நிற எண்களையும் எழுதி வாங்குங்கள். இவை கையில் இருந்தால் சுல்தான்பேட்டையில் எந்த அச்சகத்துக்குப் போனாலும் அதே நிறத்தைக் கேட்க முடியும். இல்லாவிட்டால் அங்கே திரும்ப வரைவதற்கு ஒரு தொகை கேட்பார்கள், வரைந்தது அசல் மாதிரியும் இருக்காது.

பணம் கொடுத்துவிட்டால் லோகோ நமக்குச் சொந்தமா?

தானாகச் சொந்தமாகாது. இதைப் பலரும் நம்புவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி, ஒரு படைப்பின் முதல் உரிமையாளர் அதை உருவாக்கியவர். உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவர் வேலையின் பகுதியாக வரைந்தால் அது உங்களுடையது. வெளியாள் வரைந்தால், அவர் எழுத்தில் மாற்றிக் கொடுக்கும்வரை உரிமை அவரிடமே இருக்கும். மாற்றிக் கொடுக்கும் பத்திரத்திலும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். காலம் குறிப்பிடாவிட்டால் 5 வருடம் மட்டும் என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் 19-ஆம் பிரிவு எடுத்துக்கொள்ளும். ஆகவே "இந்த லோகோவின் முழுக் காப்புரிமையையும், அது நிலைக்கும் காலம் முழுவதற்கும், உலகம் முழுவதற்கும், இன்னாருக்கு இவ்வளவு தொகைக்கு எழுதிக் கொடுக்கிறேன்" என்று ஒரு தாளில் எழுதி, லோகோவின் படத்தையும் அதில் ஒட்டி, கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். இதைக் கேட்பதில் சங்கடப்பட ஒன்றுமில்லை. நல்ல டிசைனர்கள் கடைசித் தவணை வந்ததும் கொடுத்துவிடுவார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்பவரிடம் வேலையே கொடுக்க வேண்டாம்.

வலைத்தளத்தில் எவ்வளவு போதும்

முகப்பு, பொருள்கள், எங்களைப் பற்றி, தொடர்பு என்று நாலைந்து பக்கம் உள்ள தளத்தை, தளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸில் செய்ய 12,000 முதல் 35,000 வரை கேட்கிறார்கள். அந்த மென்பொருளே இலவசம், நீங்கள் தருவது வேலைக்கான கூலி. தளத்திலேயே கூடையில் (கார்ட்) பொருள் போட்டு நேரடியாகப் பணம் கட்டும் கடைத்தளம் என்றால் 40,000-க்கு மேல். மாத வாடகைக்குக் கிடைக்கும் கடைத்தளங்களும் உண்டு. அதில் தொடக்கச் செலவு குறைவு, ஆனால் வாடகை நிற்காது.

தினம் பத்துப் பதினைந்து ஆர்டர் தாண்டும்வரை கடைத்தளம் வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். பணம் வாங்கும் கேட்வே பொதுவாக 2 சதவீதம் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 500 ரூபாய் ஆர்டரில் 11 ரூபாய் 80 காசு போகும். அத்துடன் பணம் திரும்பத் தரும் விதி, அனுப்பும் விதி, தனியுரிமை விதி எல்லாவற்றுக்கும் பக்கம் இருந்தால்தான் கேட்வே அனுமதி தரும். 2020-இன் மின்வணிக விதிகளின்படி தொழிலின் சட்டப் பெயர், முகவரி, குறை கேட்கும் அலுவலரின் விவரம் எல்லாம் தளத்தில் இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு பொருளுக்குக் கீழும் வாட்ஸ்அப் பொத்தான் வைத்து, யுபிஐயில் பணம் வாங்கினால் போதும். உணவுப் பொருள் விற்பவர்கள் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க எண்ணைத் தளத்தில் போட மறக்காதீர்கள்.

எழுத்தும் படமும் யார் பொறுப்பு என்பதை முதல் நாளே தீர்த்துக்கொள்ளுங்கள். தளங்கள் மாதக்கணக்கில் இழுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கோடிங் கிடையாது, கடைக்காரரிடமிருந்து விவரம் வராததுதான். பொருளின் பெயர், எடை, விலை, இரண்டு வரி விளக்கம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. தமிழும் கன்னடமும், எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி தெரியும் எழுத்துமுறையான யூனிகோடில் இருக்க வேண்டும். டிடிபி சென்டரில் நுடி, பாமினி மாதிரிப் பழைய முறையில் அடித்த எழுத்தை அப்படியே தளத்தில் போட்டால் குப்பையாகத் தெரியும். படத்துக்குக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். பொடி விற்பவருக்கு லோகோவை விடப் பொடியின் படம்தான் விற்றுக்கொடுக்கும்.

வருடா வருடம் வரும் செலவு

டொமைனுக்கு, அதாவது தளத்தின் முகவரிப் பெயருக்கு, வருடம் ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். முதல் வருடம் 99 ரூபாய், 199 ரூபாய் என்று விளம்பரம் வரும். நீங்கள் பார்க்க வேண்டியது புதுப்பிக்கும் விலையை. தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கான வாடகையான ஹோஸ்டிங்கும் இதே கதை, மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால்தான் அந்த மலிவு விலை என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். தளத்துக்குப் போய் வரும் தகவலைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழுக்குத் தனியாக ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள், 'லெட்ஸ் என்கிரிப்ட்' அதை இலவசமாகத் தருகிறது.

டொமைனை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் கார்டில் நீங்களே வாங்குங்கள். பத்து நிமிட வேலை. டிசைனரே வாங்கித் தருகிறேன் என்பார், நல்லெண்ணத்தில்தான் சொல்வார். ஆனால் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டால், போன் எண் மாறிவிட்டால், பலகையிலும் பாக்கெட்டிலும் அச்சடித்த முகவரி உங்கள் கையில் இருக்காது. ஹோஸ்டிங், கூகுள் மேப், வேர்ட்பிரஸ் அட்மின் எல்லாவற்றுக்கும் இதே விதி: கணக்கு உங்களுடையது, வேலை முடியும்வரை அவருக்கு அனுமதி மட்டும். டொமைன் வாங்கிய மறுநாளிலிருந்து "தளம் செய்து தருகிறோம்", "முதல் இடத்தில் கொண்டுவருகிறோம்" என்று அழைப்புகள் வரலாம். எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

பொடி அக்காவின் கணக்கு

முதல் வருடம்: லோகோ மூன்று மொழி வடிவங்களோடு 10,000. டிரேட்மார்க் கட்டணம் 4,500, விண்ணப்பிக்க உதவுபவருக்கு 2,500. டொமைன் 1,000. ஐந்து பக்கத் தளம் 18,000. ஹோஸ்டிங் 4,000. படம் எடுக்க 5,000. மீதி 5,000 கையிருப்பு, அதைத் தொடாமல் வையுங்கள், ஏதாவது ஒன்று கட்டாயம் விட்டுப்போயிருக்கும். மொத்தம் 50,000. பெயர்ப்பலகை, பாக்கெட் அச்சு எல்லாம் இதில் சேராது.

அடுத்த இரண்டு வருடமும் டொமைன் 1,000, ஹோஸ்டிங் 5,000, பராமரிப்பு 6,000 என்று வருடம் 12,000. ஆக மூன்று வருடத்துக்கு 74,000. மாதத்துக்குப் பிரித்தால் ஏறக்குறைய 2,055 ரூபாய். ஒரு பாக்கெட்டில் 40 ரூபாய் லாபம் என்றால், இந்தச் செலவால் மாதம் 52 பாக்கெட் கூடுதலாக விற்றால்தான் கணக்கு சரியாகும். உங்கள் தொழிலுக்கும் இதே மாதிரி வகுத்துப் பாருங்கள். வரும் எண் நடக்கிற காரியமாகத் தோன்றாவிட்டால் தளத்தைத் தள்ளிப்போட்டு, பெயரையும் லோகோவையும் மட்டும் இப்போது முடியுங்கள்.

கொட்டேஷன் கேட்பதும் பணம் கொடுப்பதும்

குறைந்தது மூன்று பேரிடம் கேளுங்கள், மூவருக்கும் ஒரே விவரத்தைக் கொடுங்கள். ஜிஎஸ்டி சேர்த்தா, தனியா என்று கேட்க மறக்காதீர்கள். 20,000 ரூபாய் வேலையில் 18 சதவீதம் 3,600. சேவைத் தொழிலில் வருடம் 20 லட்சத்துக்குள் வரவு உள்ளவர்களுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை. பதிவில்லாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கக் கூடாது. வசூலிப்பவரின் எண்ணை அரசுத் தளத்தில் இலவசமாகச் சரிபார்க்கலாம். நீங்கள் ஜிஎஸ்டியில் சாதாரண முறையில் இருந்தால் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம், சிறுவணிகர்களுக்கான காம்போசிஷன் முறையில் இருந்தால் முடியாது.

முழுப்பணத்தையும் முன்னால் கேட்பவரை விட்டுவிடுங்கள். அதே சமயம், அட்வான்ஸே தராமல் வேலை வாங்க நினைப்பதும் நியாயமில்லை. தொடக்கத்தில் 40 சதவீதம், முதல் வடிவத்துக்கு ஒப்புதல் சொன்னதும் 30, ஃபைல்களும் பாஸ்வேர்டுகளும் உரிமைத் தாளும் கைக்கு வந்ததும் 30 என்று பிரிப்பது இரண்டு பக்கத்துக்கும் பாதுகாப்பு. பாஸ்வேர்டுகளை வாங்கியதும் நீங்களே ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து, மாற்றிவிட்டு, அப்புறம் கடைசித் தவணையை அனுப்புங்கள்.

டிசைனர்களுக்கு அனுப்ப ஒரு மாதிரிச் செய்தி. உங்கள் விவரத்தை மாற்றிப் போட்டு அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்:

"வணக்கம். அல்சூரில் பொடி வகைகள் தயாரித்து விற்கிறோம். லோகோவும் ஐந்து பக்க வலைத்தளமும் வேண்டும். லோகோ கன்னடம், ஆங்கிலம், தமிழ் மூன்றிலும் வேண்டும். முதலில் இரண்டு மாதிரிகள், தேர்ந்தெடுத்ததில் மூன்று முறை திருத்தம். எஸ்விஜி, பிடிஎஃப், பிஎன்ஜி, மூல ஃபைல், காப்புரிமை எழுதிக் கொடுக்கும் தாள் எல்லாம் சேர்த்து விலை சொல்லுங்கள். டொமைனும் ஹோஸ்டிங்கும் எங்கள் பெயரில் இருக்கும். எழுத்தும் படமும் நாங்கள் தருகிறோம். போனில் சரியாகத் தெரிய வேண்டும். ஜிஎஸ்டி உண்டா, எத்தனை வாரம் ஆகும், இரண்டாம் வருடம் பராமரிப்புக்கு எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்பதையும் சொல்லுங்கள். நீங்கள் செய்து, இப்போதும் நடப்பில் இருக்கும் இரண்டு தளங்களின் முகவரியும் அனுப்புங்கள்."